கட்டிலை உடைத்துச் செய்த ஏரியல்

ராஜபாளையத்தில் கொழும்பு டிவி தெரிய வேண்டுமென்று வீட்டுக்கு வீடு ஆண்டெனாக் குழாய் நட்டார்களே, அதில் பாதிக்கு மேல் என் கை பட்டவை. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். மொட்டை மாடியில் அறுபதடிக் குழாயை நிறுத்தி, மூன்று பக்கமும் இழுகம்பி கட்டி, ஆடிக் காற்றிலும் அசையாமல் நிற்க வைத்தேன். எனக்குப் போட்டியாகப் படித்தவர்கள் இருவர் கடை போட்டார்கள். அவர்கள் நட்ட குழாய் முதல் காற்றுக்கே பக்கத்து வீட்டு ஓட்டின்மேல் படுத்துக்கொண்டது. பிளவக்கல் பக்கம் ஒரு தோப்பில், ஏறுவதற்கு ஆள் கிடைக்காத மரத்தின் உச்சியில் கப்பி கட்டி இறங்கியவனும் நான்தான். கையில் முதல் கிடையாது, சொல்லிக் கொடுக்க ஆள் கிடையாது, சாமான் கேட்டால் மதுரைக்குப் போ என்பார்கள். இதையெல்லாம் ஊர் மறந்தால் மறக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்க விடமாட்டேன். அது கூட்டல் குறி போல் சேர்த்த இரண்டு மரச்சட்டங்கள். அவற்றின் நான்கு முனைகளையும் சுற்றி, எரிந்துபோன மோட்டாரிலிருந்து உரித்த செம்புக் கம்பி. கீழே பிடித்துக்கொள்ள ஒரு கை. என் வீட்டுக் கயிற்றுக் கட்டிலை உடைத்துச் செய்தது. இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.

அதை என்னைச் செய்யச் சொன்னவர் தந்தியம்மா. தந்தி ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதால் ஊரில் அவருக்கு அதுதான் பெயர். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் தனியாகக் குடியிருந்தார். வேலையை விட்ட பிறகும் விரல் சும்மா இருக்கவில்லை போலிருக்கிறது. அரசாங்கப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, வீட்டிலேயே வயர்லெஸ் வைத்துக்கொண்டார். சம்பளத்துக்கு இல்லை, ஆசைக்கு. கேரளாவிலும் இலங்கையிலும் இதே பித்துப் பிடித்தவர்கள் இருந்தார்கள்; தந்திச் சாவியில் கட்டுக் கடகட என்று தட்டினால் அங்கிருந்து பதில் தட்டுவார்கள். அவர் பேசியதெல்லாம் நாற்பது மீட்டர், எண்பது மீட்டர் என்கிற நீள அலைகளில். அலை நீளமென்றால் கம்பியும் நீளம். டிவி ஆண்டெனா போல நான்கு குச்சியை வைத்து ஏமாற்ற முடியாது. தென்னை மரத்திலிருந்து மொட்டை மாடிக் குழாய்வரை வாசலையே கடந்து போகும் கம்பி. காற்றில் மரம் ஆடும்போதெல்லாம் அது அறுந்துகொண்டிருந்தது. அதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

நான் போய்ப் பார்த்து, மரத்தில் கப்பி வைத்து, கயிற்றின் மறுமுனையில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டேன். மரம் ஆடினால் கல் ஏறி இறங்கும், கம்பி அறுந்து போகாது. இதை எந்தப் புத்தகத்திலும் பார்த்து நான் செய்யவில்லை. பிறகு அவர் சொன்னபடி முற்றத்தைக் கொத்தி, மண்ணுக்குள் எட்டுத் திக்கும் செம்புக் கம்பி பதித்தேன். மறுநாள் காலையில் காதில் மாட்டியதைக் கழற்றிவிட்டு, "தம்பி, இத்தன நாளா கெணத்துக்குள்ள இருந்து பேசுனவன் இன்னைக்கு வாசல்ல வந்து நின்னு பேசுதான்" என்றார். கூலியைவிட அந்த ஒரு பேச்சு எனக்குப் பெரிதாக இருந்தது. அதற்குப் பிறகு அவர் வீட்டில் ஒரு திருகாணி முடுக்க வேண்டுமென்றாலும் நான்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓர் ஆனி மாதம் அந்த இரைச்சல் வந்தது. காய்ந்த எண்ணெயில் தண்ணீர் சொட்டினால் எப்படி இருக்கும், அப்படி. வயர்லெஸ் பெட்டியின் முள் பாதிக்கு மேல் ஏறி அங்கேயே நிற்கும். அதற்கு அடியில் யார் தட்டினாலும் கேட்காது. முதலில் என் ஏரியல்மேல் பழி வந்தது. ஏறி இறங்கி எல்லா முடிச்சையும் பார்த்தேன். என் வேலையில் குற்றம் இல்லை. தந்தியம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். மேல்காற்று காய்ந்து அடித்தால் சத்தம் கூடியது. தூறல் விழுந்தால் அடங்கியது. வன்னியம்பட்டிப் பக்கத்து நூல் மில்லுக்கு வார விடுமுறை வந்தால் சுத்தமாக நின்றுபோனது. எங்கேயோ மின்சாரம் கசிந்து பொரிகிறது, அது மில்லின் சொந்த லைனில்தான் என்றார். எந்த இடமென்று கண்டுபிடிக்க சட்டத்தில் கம்பி சுற்றிய ஏரியல் வேண்டும் என்று தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்து காட்டினார். கடையில் கிடைக்காத சாமான். அன்று வீட்டுக்குப் போய்க் கட்டிலை உடைத்தேன். "ஊருக்கெல்லாம் கம்பம் நட்டீக, சரி. இப்ப வீட்டுக் கட்டிலையும் பிடுங்கியாச்சா?" என்று கேட்டுவிட்டு என் வீட்டுக்காரி தரையில் பாயை விரித்தாள்.

அந்த ஏரியலுக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. அதன் விளிம்பைக் காட்டினால் இரைச்சல் கூடும். முகத்தை நேராகத் திருப்பினால் சத்தம் செத்துவிடும். எந்தத் திசையைப் பார்த்து வாயடைத்துப் போகிறதோ, வினை அந்தத் திசையில் இருக்கிறது. தந்தியம்மா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்க, நான் பெட்டியைச் சுமந்து பின்னால் போனேன். "என்ன, தந்தியம்மா அவிய காத்தைப் புடைக்காகளா?" என்று கண்மாய்க் கரையில் ஒருவர் கேட்டார். கரையில் நின்று திருப்பினோம், ரோட்டில் நின்று திருப்பினோம். இரண்டு திசையும் வந்து முட்டிய இடத்தைப் பார்த்ததும் என் கால் நின்றுவிட்டது. மில் சுவரைத் தாண்டி, குடோனுக்குப் போகும் லைனில் ஒரு கம்பம். அதன் அடியில் என் தங்கச்சியின் துணி உலர்த்தும் களம்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் பேண்டேஜ் துணியை வெளுத்து, ஈரத்தோடு கொண்டுவந்து காயப்போடுவது அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் தொழில். களம் முழுக்க இடுப்புயரத்தில் வரிசை வரிசையாக இரும்புக் கம்பி. நாள் முழுக்கப் பெண்கள் ஈரக்கையோடு அந்தக் கம்பிகளைத் தொட்டபடி நிற்பார்கள். விளக்கு வைக்கும் நேரம்வரை நானும் தந்தியம்மாவும் அங்கேயே நின்றோம். இருட்டியதும் கம்பத்தின் உச்சியில், பீங்கான் குமிழோடு லைனைக் கட்டியிருந்த இடத்தில், நீலமாக ஒரு பொட்டு தெரிந்தது. கடுகளவு. தெரியும், மறையும், தெரியும். கட்டுக்கம்பி தளர்ந்து தினம் கொஞ்சமாக எரிகிறது என்றார் தந்தியம்மா. எரிந்து தீர்ந்தால் லைன் நேராகக் களத்துக் கம்பிகளின்மேல்தான் விழும்.

மில்லுக்குப் போனோம். மின்சாரம் பார்க்கும் சூப்பர்வைசர் நாற்காலி கொடுத்தார், மோர் கொடுத்தார், கடைசியில் சிரித்தார். "ரேடியோ கொரகொரங்குதுன்னா பேட்டரிய மாத்திப் பாருங்கம்மா. இதுக்காக லைன நிறுத்துனா மொதலாளி என்னைய நிறுத்திருவாரு. ஆயுத பூசைக்கு மில்லு மூடும்லா, அப்பப் பாப்போம்." தந்தியம்மா கோபப்படவில்லை. அடுத்த வாரமும் போனார், அதற்கடுத்த வாரமும் போனார். மாப்பிள்ளையிடம் கம்பிகளைக் கழற்றித் தள்ளிப் போடச் சொன்னேன். களம் மில்லுக்காரர் இடம், வாய் திறந்தால் அதுவும் போய்விடும் என்றார். தங்கச்சி என்னையே திருப்பிக் கேட்டாள்: "அண்ணே, ஒங்க கம்பம் விழாதுங்கீக, அடுத்தவன் கம்பம் மட்டும் விழுந்துருமோ?" கூட இருந்த பெண்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து தந்தியம்மா சாயங்காலம் யாரோடும் தட்டிப் பேசுவதை விட்டுவிட்டார். பெட்டியைப் போட்டு அந்த இரைச்சலை மட்டும் கேட்பார். நோயாளியின் மூச்சைக் கேட்பது போல உட்கார்ந்திருப்பார். சத்தம் இருக்கும்வரை கட்டு இருக்கிறது என்பது அவர் கணக்கு.

ஆடியில் ஒருநாள். காற்று கண்ணைத் திறக்க விடவில்லை. கல் ஏறி இறங்குகிற கயிறு தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க நான் அவர் வீட்டு மாடியில் நின்றேன். உள்ளேயிருந்து வெளியே வந்து, "தம்பி, எதையும் கழத்துனீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "இல்ல, கம்பி எங்கயோ விட்டுருக்கு. சத்தமே இல்ல." இறங்கி உள்ளே போய்ப் பார்த்தேன். பெட்டியின் முள் அடியில் படுத்திருந்தது. ஆனால் கம்பி விடவில்லை. இலங்கையில் ஒருவர் தட்டிக்கொண்டிருந்தார், கண்ணாடியில் மணி உருட்டியது போல ஒவ்வொரு தட்டும் தனித்தனியாகக் கேட்டது. அத்தனை வருடத்தில் அந்த வீட்டில் அவ்வளவு சுத்தமாக ஒரு சிக்னல் வந்ததில்லை. அடுத்து அவர் செய்தது, ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்ததுதான். தூறல் இல்லை. சாயங்கால ஷிப்டுக்கு மில் சங்கு அப்போதுதான் ஊதி ஓய்ந்திருந்தது; லைனில் மின்சாரம் இருக்கிறது. அப்படியானால் இரைச்சல் நின்றதற்குக் காரணம் ஒன்றுதான். "கட்டு அத்துப் போச்சு தம்பி. ஓடுங்க" என்றார். நான் மொபெட்டை மிதிக்கும்போது அவர் மில்லுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

களத்துக்குப் போனபோது லைன் பீங்கானை விட்டு நழுவி, கம்பத்தின் குறுக்கு மரச்சட்டத்து ஓரத்தில் வெறுமனே சாய்ந்து கிடந்தது. ஒவ்வொரு காற்றுக்கும் ஒரு விரற்கடை நகர்ந்தது. கீழே எல்லாப் பெண்களும் துணியோடு இருந்தார்கள். ஓடுங்கள் என்று கத்த வாயெடுத்தேன். கத்தினால் என்ன செய்வார்கள்? மேலே பார்ப்பார்கள், பயந்து பக்கத்துக் கம்பியைத்தான் பிடிப்பார்கள். அந்த நொடியில் எனக்கு வந்த புத்தி எந்தப் படிப்பாளிக்கும் வந்திருக்காது என்று இன்றும் சொல்வேன். ரோட்டில் நின்றபடியே, சாதாரணமாக, "எல்லாரும் வாங்க, டீ வாங்கியாந்திருக்கேன். ஆறிப்போகும், வடையும் இருக்கு" என்றேன்.

துணியைப் போட்டுவிட்டு ஒவ்வொருத்தியாக நடந்து வந்தார்கள். என் தங்கச்சி மட்டும் நகரவில்லை. இடுப்பில் ஈர மூட்டையோடு என்னையே உற்றுப் பார்த்தாள். "நீங்களாவது, டீ வாங்கித் தாரதாவது. டீத் தூக்கு எங்க?" என்றாள். மேலே லைன் இன்னொரு விரற்கடை நகர்ந்தது. "வண்டில இருக்கு, வா ஏட்டி" என்றேன். வழியில் இருந்த கம்பியை வழக்கம்போல் கையால் தூக்கிக் குனிந்து கடந்தாள். அடுத்த கம்பியைத் தூக்கினாள். அதற்கடுத்ததையும் தூக்கினாள். ரோட்டில் கால் வைத்தவள், தூக்கைத் தேடி வண்டியைப் பார்த்து, "பாத்தீகளா, பொய்யி" என்று சொல்லி முடிப்பதற்குள் காற்று ஒரு அடி அடித்தது. பின்னால் சாட்டை சொடுக்கியது போல் ஒரு சத்தம். களம் முழுக்க அத்தனை கம்பியும் ஒரே நேரத்தில் வெளிச்சமானது. ஈரத் துணி எரியாது என்பார்கள்; எரிந்தது. மில்லில் யாரோ மெயினை அணைத்த பிறகுதான் அது அடங்கியது. பிறகு தங்கச்சி தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மில்லில் காற்றினால் வந்த வினை என்று முடித்துவிட்டார்கள். மெயினை அணைத்தவருக்குச் சால்வை போர்த்தினார்கள். தந்தியம்மாவுக்கு ஒரு நன்றி கிடையாது; அவரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அதன்பிறகு சத்தமில்லாத சிக்னலை அவரால் சந்தோஷமாகக் கேட்க முடியவில்லை. தெளிவாகக் கேட்டால் எழுந்துபோய் ஜன்னலைத் திறப்பார். காலமாகும்வரை அந்தப் பழக்கம் போகவில்லை.

போன மாதம் ஒரு கல்லூரியில் அவருடைய சாமான்களை வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். பழைய பெட்டி ஒன்றுக்கு உயிர் கொடுத்துக் காட்டினார்கள். நீள அலையில் ஒரே கூச்சல். வீட்டுக்கு வீடு சார்ஜர், மின்விளக்கு, மாடிச் சோலார். எல்லாம் சேர்ந்து முள்ளைத் தூக்கி நிறுத்திவிட்டன. இதற்குள் எங்கேயாவது ஒரு கட்டுக்கம்பி எரிந்துகொண்டிருந்தால் யார் காதில் விழும்? பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் என் கட்டில் சட்டம் ஜன்னலைப் பார்த்து, ஊருக்கு நேராக முகம் காட்டி, வாயடைத்து நின்றது. அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. திருப்பி வைக்கச் சொன்னேன், கேட்கவில்லை. கீழே அட்டையில், தந்தியம்மா தம் கையால் செய்தது என்று எழுதியிருந்தார்கள்.

தந்தியம்மா இருந்திருந்தால் அவரே அந்த அட்டையைக் கிழித்திருப்பார். வரைந்தவர் அவர், சத்தம் நின்றதன் பொருளைப் படித்தவர் அவர். இதை நான் எங்கேயும் சொல்வேன். செய்தவன் நான். கல்லூரிக்காரர்கள் ஆதாரம் கேட்டார்கள். சட்டத்தின் ஓரத்தைப் பாருங்கள், கட்டிலுக்குக் கயிறு கோத்த துளை வரிசையாக இருக்கும். எந்த ஏரியலுக்கு ஐயா கயிற்றுத் துளை இருக்கிறது? அட்டையை மாற்றி எழுதுங்கள். என் பெயரை நானே நேரில் வந்து சொல்கிறேன், எழுத்துப் பிழை இல்லாமல் போடுங்கள்.