மச்சான் பெயரில் ஒரு கதிரை

இருபது வருடங்களுக்கு மேலாக விடாமல் மைதானத்துக்கு வந்ததற்காக லண்டனில் எங்கள் உதைபந்தாட்டக் கழகம் என் மச்சானுக்கு வாழ்த்து அனுப்பியது. மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். அவன் இருப்பது கனடாவில். உதைபந்து என்றால் மழைக்கும் அந்தப் பக்கம் ஒதுங்காதவன். அந்த மைதானத்துக்கு அவன் போனது மொத்தம் நாலு தடவை. நாலாவது தடவை குளிருது என்று இடைவேளையோடு எழும்பி வந்துவிட்டான். மிச்ச ஆட்டங்களைப் பார்த்தவன் நான். அணி தோற்றுத் தோற்றுக் கீழ்ப்பிரிவுக்கு இறங்கிய வருடங்களில், பாதி அரங்கு காலியாகக் கிடந்தபோது, அந்தக் கதிரையில் விறைத்துப்போய்க் குந்தியிருந்தவனும் நான்தான்.

மின்னஞ்சலை எனக்கு அனுப்பிவிட்டு மச்சான் போனில் விழுந்து விழுந்து சிரித்தான்.

"மச்சான், நீ பட்ட பாட்டுக்கு எனக்குப் பட்டம் தந்திருக்கிறாங்கள். பிறேம் போட்டுச் சுவரிலை மாட்டட்டோ?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசிப் பந்தியை அவன் வாசித்திருக்கவில்லை. அடுத்த பருவகாலத்திலிருந்து, வாசலில் காட்டி உள்ளே போகிற பிளாஸ்டிக் கார்ட் கிடையாது. பருவகாலம் முழுவதற்கும் ஒரே கதிரை தருகிற சீசன் டிக்கெட்டை வைத்திருப்பவர் கடவுச்சீட்டைக் காட்டி, முகத்தைப் படம் பிடித்து, போனில் பதிந்துகொள்ள வேண்டும். பதிந்தவரைத் தவிர வேறு எவரும் அந்தக் கதிரையில் உட்கார முடியாது. கழகத்தைப் புதிதாக வாங்கிய பணக்காரர்களின் ஏற்பாடு அது.

கதிரை ஏன் மச்சான் பெயரில் இருந்தது என்று கேட்பீர்கள். நான் லண்டனுக்கு வந்தபோது ஒரே வீட்டில் இருந்த எங்கள் ஆறு பேருக்குள் விசா உள்ளவன் அவன் ஒருவன்தான். அதனால் வீட்டு ஒப்பந்தம், காஸ் பில், போன் எல்லாம் அவன் பெயரில். யாரோ ஒரு சிநேகிதன் ஆசைகாட்டியதில் சீசன் டிக்கெட்டும் அவன் பெயரில். கனடாவில் கல்யாணம் பொருந்தி அவன் புறப்பட்டபோது, தன் குளிர்க் கோட்டை எனக்குத் தந்தான். கோட்டுப் பைக்குள் அந்தக் கார்ட் கிடந்தது. என் அகதி வழக்கு அப்போது முடிந்திருக்கவில்லை. தேவையில்லாமல் எந்தக் கடதாசியிலும் பெயரைப் போடாதே என்று லோயர் சொல்லியிருந்தார். நான் கார்டை எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் எவரும் எதுவும் கேட்கவில்லை.

பிறகு விசா வந்தது, பாஸ்போர்ட் வந்தது, மச்சானின் தங்கையோடு கல்யாணம் நடந்தது. காஸ் பில்லை மாற்றினேன், போனை மாற்றினேன். கார்டை மட்டும் மாற்றவில்லை. ஒழுங்காக ஓடுகிற ஒரு ஃபைலைத் தட்டி எழுப்பினால் அது மற்ற ஃபைல்களையும் எழுப்பிவிடும் என்ற பயம் எங்களைப் போல வந்தவர்களுக்கு எலும்புக்குள் இருக்கிறது. ஒவ்வொரு கோடையிலும் ஹவுன்ஸ்லோவில் எங்கள் வீட்டுக்கு மச்சான் பெயரில் கடித உறை வரும். நான் பிரிப்பேன், கட்டுவேன், போவேன்.

M வரிசை, நூற்றுப் பதினான்காம் இலக்கம். பக்கத்தில் நூற்றுப் பதினைந்தில் ஓர் ஆங்கிலேயர், ஓய்வுபெற்ற பஸ் சாரதி. அவருக்கு முன் அவருடைய தகப்பன் அதே கதிரையில் இருந்தாராம். நான் முதல் நாளே தேத்தண்ணியை அவர் முழங்காலில் ஊற்றிவிட்டேன். பெயர் என்ன என்று கேட்டார். கார்ட் கையில் இருந்தது. அதில் இருந்த பெயரைச் சொன்னேன். அன்றிலிருந்து நான் அவருக்கு என் மச்சான்.

எங்களுக்கு முன்னால் ஒரு இரும்புத் தூண் இருந்தது. வலது மூலையில் கோர்னர் அடித்தால் தூண் மறைக்கும். அவர் என் தோள் மேல் சாய்ந்து பார்ப்பார். இடது பக்கம் என்றால் நான் அவர் மேல் சாய்வேன். இடைவேளைக்குச் சாப்பிட இறைச்சி வைத்துச் சுருட்டிப் பொரித்த ரோல்ஸ் என் பொறுப்பு. டூட்டிங்கில் ஒரு கடையில் காலையிலேயே வாங்கி, கடதாசியில் சுற்றி, கோட்டுக்குள் வைத்துக் கொண்டுபோவேன். புரட்டாதிச் சனிக்கிழமைகளில் ஆட்டிறைச்சி கிடையாது, மரக்கறி ரோல்ஸ்தான். முதல் கடி கடித்ததும் மனுஷன் முகத்தைச் சுளிப்பார். "மறுபடியும் உன் சாமி மாதமா?" என்பார். ஆனால் இரண்டாவதையும் எடுப்பார்.

புதிய முதலாளிகள் வந்த கோடையில் நானும் சந்தோஷப்பட்டேன், அதை மறைக்கக் கூடாது. ஒரே கோடையில் ஏறத்தாழ ஒரு முழு அணியை வாங்கி இறக்கினார்கள். நாங்கள் பத்திரிகையில் படம் பார்த்த ஆட்டக்காரர்கள் எங்கள் தூணுக்கு முன்னால் ஓடினார்கள். தொடர்ந்து வென்றோம். கத்திக் கத்தித் தொண்டை கட்டி, வேலைக்குப் போய் விமான நிலையத்தில் சைகையால் கதைத்தேன்.

ஆனால் எங்களை மேல்பிரிவுக்குக் கொண்டுவந்த மனேஜரை, இரண்டு ஆட்டம் தோற்றதும், குப்பை வாளியை வெளியே வைப்பது போல வெளியே வைத்தார்கள். சனி பிற்பகல் ஆட்டங்கள் தொலைக்காட்சிக்காக எந்த நாளுக்கும் தாவின. வெளிச் சாப்பாடு உள்ளே கொண்டுவரக் கூடாது என்று சட்டம் வந்தது. வாசலில் ஒரு காவலர் என் கோட்டைத் தடவி, ரோல்ஸ் பொட்டலத்தை எடுத்து, என் கண்முன்னாலேயே குப்பைக்குள் போட்டார். என் உடம்புச் சூடு ஆறாத ரோல்ஸ். வேலைக்கு வந்த அவரைக் கோபித்து என்ன செய்ய? உள்ளே சாப்பாட்டு விலையைப் பார்த்தபோதுதான் யாரைக் கோபிக்க வேண்டும் என்று விளங்கியது. பக்கத்துக் கதிரை மனிதர் அன்று இடைவேளை முழுக்க வாயில் எதுவும் வைக்கவில்லை.

அதற்குப் பிறகு தையில் வந்ததுதான் அந்த வாழ்த்து மின்னஞ்சல்.

"நீங்கள் அப்பவே மாத்தியிருக்கலாம்தானே?" என்று மனைவி கேட்டாள். "விசா வந்த கையோடை ஒரு கடிதம் எழுதியிருந்தால் இண்டைக்கு இந்தக் கரைச்சல் இல்லை."

அவள் சொன்னது சரி. சரியாக இருந்ததால் இன்னும் எரிச்சல் வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை ஷிப்டை மாற்றிக்கொண்டு கழக அலுவலகத்துக்குப் போனேன். அதற்கு முதல் ஆர்ச்வேயில் இறங்கி முருகன் கோயிலுக்கும் போனேன். அலுவலகத்துக்கும் கோயிலுக்கும் திசையே வேறு, ஆனாலும் போனேன். பெயரை மாற்றுவது அவ்வளவு பெரிய காரியமாக எனக்குத் தோன்றியது.

அலுவலகத்தில் ஒரு இளம்பெண் மிகவும் மரியாதையாகக் கேட்டாள். நான் எல்லாவற்றையும் உள்ளபடியே சொன்னேன். இத்தனை வருடக் கட்டணமும் என் வங்கியிலிருந்து போனதற்கான கடதாசிகளையும் நீட்டினேன். அவள் கணினியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: உறுப்பினர் அவர். விசுவாச வருடங்கள் அவருடையவை. அவற்றை இன்னொருவருக்கு மாற்ற முடியாது. நீங்கள் எங்கள் பதிவில் இல்லை.

"இருபத்திரண்டு வருடம் நான் அந்தக் கதிரையில் இருந்தேன்" என்றேன்.

"கதிரையில் யார் இருந்தார்கள் என்பது எங்கள் பதிவில் இருக்காது, சேர்" என்றாள். "உரிமை யாருடைய பெயரில் இருக்கிறது என்பதைத்தான் நாங்கள் பார்க்கலாம்."

அவளுக்குப் பின்னால் சுவரில் புதிய முதலாளிகளின் பேச்சாளர் கோட்சூட்டில் சிரித்துக்கொண்டிருந்தார். கழகம் ஒரு குடும்பம் என்று படத்துக்குக் கீழே எழுதியிருந்தது. பேச்சாளர் முதலாளி இல்லை. முதலாளி யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. கழகம் ஒரு கம்பனியின் பெயரில் இருக்கிறது. அந்தக் கம்பனி இன்னொரு கம்பனியின் பெயரில். அந்த இன்னொன்று, நான் உலகப்படத்தில் தேடியும் சட்டென்று அகப்படாத ஒரு தீவில் ஒரு தபால்பெட்டியின் பெயரில். ஊர்ப் பேச்சில் இதற்குப் பினாமி என்று பெயர். மைதானம் முழுவதையும், பதினொரு ஆட்டக்காரரையும், கொடியையும், பாட்டையும் பினாமிப் பெயரில் வைத்திருப்பவர்கள் ஒற்றைப் பிளாஸ்டிக் கதிரைக்கு என்னிடம் கடவுச்சீட்டுக் கேட்கிறார்கள். என் முகத்தைப் படம் பிடிக்க வேண்டுமாம். தங்கள் முகத்தை முதலில் காட்டட்டும் என்று எனக்கு வாய்வரை வந்தது. அந்தப் பிள்ளையிடம் அதைச் சொல்லி என்ன பயன்? நன்றி சொல்லிவிட்டு வந்தேன். நன்றி சொன்னதை நினைத்து ரயிலில் வரும்போது கன்னத்தில் அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

அடுத்த ஆட்டத்தில் பக்கத்து மனிதரிடம், என் கதிரை விஷயமாக அலுவலகத்தில் கரைச்சல் தருகிறார்கள் என்று மட்டும் சொன்னேன். பெயர் விஷயத்தைச் சொல்ல நா எழவில்லை. இத்தனை வருடம் பொய்ப் பெயரோடு ஒருவரின் தோளில் சாய்ந்துவிட்டு அதை எப்படிச் சொல்வது? அவருக்குக் கோபம் வந்துவிட்டது. வீட்டுக்குப் போய் இரண்டு பக்கத்துக்குத் தன் கையால் கடிதம் எழுதி அனுப்பினார். என் மச்சானின் முழுப் பெயரையும் எழுதி, இந்த மனிதர் இருபத்திரண்டு வருடமாக என் பக்கத்தில் இருக்கிறார், இவரைப் போன்ற ஆதரவாளர் கிடையாது என்று சாட்சி சொல்லியிருந்தார். கழகம் உடனே பதில் போட்டது. ஐயமே வேண்டாம், அந்தக் கனவானின் உறுப்புரிமை பத்திரமாக இருக்கிறது என்று. அதை எனக்கு வாசித்துக் காட்டி, முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

வைகாசியில் கடைசி ஆட்டம். வென்றால் ஐரோப்பியப் போட்டிக்குப் போகலாம் என்ற நிலை, வென்றோம், போனோம். அதைப் பற்றி எழுத எனக்கு இப்போது மனமில்லை. அன்று நாங்கள் உள்ளே போனபோது M வரிசை முழுவதும், முன்னால் பின்னால் உள்ள வரிசைகளிலும், ஒவ்வொரு கதிரையிலும் ஒரு கடித உறை ஒட்டியிருந்தது. கிழக்கு அரங்கின் நடுப்பகுதியை இடித்து, தூண்களை எடுத்து, கண்ணாடி போட்ட விருந்து மண்டபமாகக் கட்டப்போகிறார்கள். இங்கே இருப்பவர்கள் மண்டபத்தில் மேசை வாங்கலாம். முடியாதவர்கள் இந்தப் படிவத்தை நிரப்பினால், வேறு பகுதியில் இடம் இருந்தால் தருவார்கள்.

இரண்டு தடவை வாசித்தேன். தகப்பன் பெயரோடும் தன் பெயரோடும் ஒரு பிசகும் இல்லாமல் கடதாசி வைத்திருந்த பஸ் சாரதிக்கும் அதே உறை. பதிவில் இல்லாத எனக்கும் அதே உறை. எந்தப் பெயரில் இருந்தாலும் அந்தக் கதிரை போகத்தான் போகிறது. வாழ்த்து அனுப்பிய அன்றே அவர்களுக்கு இது தெரிந்திருக்கும். நாலு மாதம் என் பிழை, என் பிழை என்று நான் நித்திரையில்லாமல் என்னையே தின்றுகொண்டிருந்தேன். அன்று வந்த கோபத்தைப் போல என் வாழ்நாளில் வந்ததில்லை. தமிழில் சத்தமாக ஏசினேன். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பக்கத்து மனிதர் ஏசவில்லை. ஆட்டம் முடிந்து, மேளதாளம் எல்லாம் முடிந்து, ஆட்கள் கலைந்த பிறகு, படிவத்தை முழங்காலில் வைத்துப் பேனாவைத் திறந்தார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இடம் கேட்போம் என்றார். தன் பெயரை எழுதினார். அதற்குக் கீழே என் மச்சானின் பெயரை எழுதினார்.

"அது என் பெயர் இல்லை" என்றேன்.

எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன், மச்சான் தந்த குளிர்க் கோட்டிலிருந்து கழக அலுவலகம் வரை. அவர் தூணைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அந்த மற்றவனுக்கு உதைபந்து பிடிக்குமா?"

"பிடிக்காது."

"அவன் புத்திசாலி" என்றார். பிறகு அந்தப் பெயரை ஒரு கோட்டால் வெட்டிவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாகக் கழகத்தின் கடதாசி ஒன்றில் என் பெயரை எழுதினேன். எத்தனை வருட ஆதரவாளர் என்ற கேள்விக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் விட்டேன். அவர் பேனாவை வாங்கி இருபத்திரண்டு என்று எழுதினார்.

பதில் ஒரு மாதத்துக்குப் பின் வந்தது. "புதிய ஆதரவாளரே, எங்கள் குடும்பத்துக்கு நல்வரவு" என்று தொடங்கியது. காத்திருப்போர் பட்டியலில் கடைசியில் என்னைச் சேர்த்திருந்தார்கள்.

அன்று பிற்பகல் வீட்டுப் போன் அடித்தது. மனைவி எடுத்தாள். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "யாரோ வெள்ளைக்காரர், உங்கடை பெயரைச் சொல்லிக் கேக்கிறார்" என்றாள். பஸ் சாரதிதான். முதன்முதலாக என் வீட்டுக்குப் பேசுகிறார். தனக்கு மேல்மூலையில் ஒரு கதிரை தந்திருக்கிறார்கள் என்றார். சந்தோஷம் என்று சொன்னேன், சொல்ல வேண்டுமே என்பதற்காக.

"வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டேன்" என்றார். "காரணம் எழுதுவதற்கு ஒரு பெட்டி இருந்தது. உன் பெயரை எழுதினேன். வேறொன்றும் எழுதவில்லை."