ஒற்றைக் கண் ஜெபம்

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஜெப நேரத்தில் ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொண்டு மறு கண்ணைத் திறந்தே வைத்திருக்கிறார்கள் என்பதைக் கண்டுபிடித்தவர் சபைச் செயலாளர். ஊரே கண்ணை மூடியிருந்த நேரத்தில் இவர் அதை எப்படிக் கண்டுபிடித்தார் என்று யாரும் கேட்கவில்லை. பதவி என்று ஒன்று இருந்தால் சலுகை என்று ஒன்றும் இருக்கும்.

"இந்தப் பிள்ளைங்களுக்கு யாரு வாத்தியார்?" என்று போதகரிடம் கேட்டார், தெரிந்துகொண்டே.

"நம்ம காப்பிதான்."

"ஓ."

அந்த 'ஓ'வுக்குள் ஒரு கமிட்டிக் கூட்டமே அடங்கியிருந்தது.

காப்பி என்பது கடைத்தெரு பேக்கரிக்காரருடைய பட்டப்பெயர். ஊருக்குப் புதியவர்கள் பெயரைக் கேட்டுவிட்டுக் கடைக்குப் போய், "சர்க்கரை கம்மியா ஒண்ணு குடுங்க" என்று நிற்பார்கள். அங்கே ரொட்டி உண்டு, பன் உண்டு, பிஸ்கட் உண்டு. காப்பி கிடையாது. அந்தப் பெயர் குடிக்கிற காப்பியால் வந்ததல்ல, அடிக்கிற காப்பியால் வந்தது.

சில வருடங்களுக்கு முன்பு அவர் கடைக்கு எதிரே ஒரு அக்கா பேக்கரி நடத்தினார். அக்கா சுட்ட பன்னை விரலால் அமுக்கினால் மெத்தென்று உள்ளே போகும். விரலை எடுத்ததும், எதுவுமே நடக்காதது போல எழுந்து உட்காரும். நம் ஆளுக்கு அது பொறுக்கவில்லை. மனைவியை அனுப்பி பன் வாங்கிவரச் சொல்லி, சமையலறை மேசையில் கிடத்தி, கத்தியால் அறுத்து, பிரேதப் பரிசோதனை செய்வார். அக்கா கடைப் பலகைக்கு அடித்த பச்சை நிறத்தையே தன் பலகைக்கும் அடித்தார். அக்கா கொடுத்த அதே காகிதப் பையைக் கொடுத்தார். எல்லாம் ஒத்துவந்தது, பன் மட்டும் ஒத்துவரவில்லை. அவர் பன் கீழே விழுந்தால் தரைக்குத்தான் அடிபடும்.

திறமையால் முடியாததை வாயால் முடிக்கப் பார்த்தார். "அந்தம்மா மாவுல என்னமோ கலக்குறாங்களாம்" என்று கடை கடையாகப் போய் ரகசியமாகச் சொன்னார். அக்கா தெருவில் அவரைப் பார்த்தால் சிரிப்பார். ஆனால் முகத்தின் ஒரு பக்கம்தான் சிரிக்கும், மறு பக்கம் அசையாது. அதையும் இவர் திமிர் என்றே எடுத்துக்கொண்டார். "நமக்குப் பாதிச் சிரிப்புதான். மீதியைப் பெரிய இடத்துக்கு எடுத்து வச்சிருக்காங்க" என்று மனைவியிடம் பொருமுவார்.

ஒரு கல்யாண ஆர்டர் அன்று காலையில் இவருடைய அடுப்பு படுத்துவிட்டது. மெக்கானிக்கைக் கூப்பிட்டால், "நாளைக்கு வரேன்" என்றான். மாவுக்கு நாளை என்ற பேச்சே தெரியாது. அது பொங்கி அண்டாவின் விளிம்பைத் தாண்டி எட்டிப்பார்த்தது. இவர் தலையில் கை வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

ஏப்ரனில் கையைத் துடைத்தபடி அக்கா தெருவைக் கடந்து வந்தார்.

"என்ன தம்பி, மாவு எந்திரிச்சு நிக்குது, நீங்க உக்காந்துட்டீங்க? தூக்கிட்டு வாங்க. என் அடுப்பு சூடாத்தான் இருக்கு."

"அப்போ உங்க பன்னு?"

"அது மத்தியானம் வேகட்டும். ஒரு வேளை பன்னு இல்லேன்னா ஊரு ஒண்ணும் இளைச்சுப் போயிடாது."

"அக்கா… நான் வெளியில உங்களப் பத்தி…"

"தெரியும், தெரியும். மாவுல என்னமோ கலக்குறேனாமே! உள்ள வந்து பாத்துக்கங்க. இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது."

தட்டுகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தியதும் அக்கா அடுப்பின் முன்னே நின்றபடி ஜெபம் செய்தார். இவருடைய ரொட்டிக்காக, கல்யாண வீட்டுக்காக, செத்துப்போன அடுப்புக்காக, நாளைக்கு வரப்போகிற மெக்கானிக்குக்காகக்கூட. இவர் மெல்ல ஓரக்கண்ணால் பார்த்தார். அக்காவின் ஒரு கண் மூடியிருந்தது. மறு கண் அகலத் திறந்து, அடுப்புக் கண்ணாடிக்குள் நிறம் மாறும் ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தது.

நம் ஆளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஜெபம் என்றால் வேலையை மறந்து கண்ணை மூடி உட்காருவது, பிழைப்பு நடத்துகிறவனுக்கு அது கட்டுப்படியாகாது என்று அதுவரை ஒதுங்கியே இருந்தவர் அவர். இங்கே என்னடாவென்றால் இந்த அக்காவின் ஆண்டவர், 'நீ ரொட்டியைப் பார்த்துக்கொண்டே பேசம்மா, எனக்குக் காது கேட்கும்' என்கிறார்! அதைவிட, பழி சொன்னவனுக்கு அடுப்பைக் கொடுக்கச் சொல்கிறார். இப்படி ஒருவரோடு நமக்கும் ஒத்துப்போகும் என்று தோன்றியது.

காப்பி அடிப்பதில் கைதேர்ந்தவர் ஆயிற்றே, அன்றிலிருந்து பன்னை விட்டுவிட்டு ஆளைக் காப்பி அடிக்க ஆரம்பித்தார். பரப்பிய பழியைத் திரும்பப் பொறுக்கிக்கொண்டு வர அதே கடைகளுக்குப் போனார். "அப்போ மாவுல ஒண்ணுமே கலக்கலையா?" என்று ஏமாந்து போனவர்களும் உண்டு. ரொட்டி கேட்டு வருகிறவரிடம், "இது நேத்து சுட்டதுங்க" என்று இவரே சொல்லிவிட, மனைவி உள்ளேயிருந்து இருமுவார். தெருமுனையில் புதிதாக இன்னொரு பேக்கரி வந்தபோது, அங்கே தட்டு போதவில்லை என்று கேள்விப்பட்டு, தன் தட்டுகளைத் தானே சுமந்துகொண்டு போய்க் கொடுத்தார். கோபம் மட்டும் உடனே போகவில்லை. வந்தால், உள்ளே போய் மாவு மூட்டைகளைத் திட்டிவிட்டு வருவார். அவர் விசுவாசத்தில் வளர வளர, மூட்டைகள் பொறுமையில் வளர்ந்தன.

மறு வருடமே அக்கா கடையை விற்றுவிட்டு மகனோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். இவர் ஞாயிறு பள்ளி வாத்தியார் ஆனார். அடுப்பு முன்னாலும் சரி, சபையிலும் சரி, அவர் ஜெபம் எப்போதும் ஒற்றைக் கண் ஜெபம்தான். "எனக்கு ஜெபிக்கக் கத்துக்குடுத்த அக்கா இப்படித்தான் செய்வாங்க" என்று சொன்னதைப் பிள்ளைகள் அப்படியே பிடித்துக்கொண்டார்கள்.

பிள்ளைகள் விழா வந்தது. விருந்தாளியாகப் போதகர் அழைத்தது அந்த அக்காவைத்தான். காப்பிக்குக் கால் தரையில் பாவவில்லை. விழாவன்று காலை, கடையில் பன்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே மனைவியிடம் சொன்னார்:

"பிள்ளைங்க ஜெபம் பண்றதைப் பாத்து அக்கா அசந்துடப் போறாங்க. அப்படியே அவங்களை மாதிரியே, ஒத்தக் கண்ணு!"

மனைவியின் கையிலிருந்த பன் அப்படியே நின்றது. "யாரை மாதிரி?"

"அக்காவை மாதிரிதான். ஒரு கண்ணை மூடி, ஒரு கண்ணு ரொட்டி மேல…"

"ஐயையோ, அவங்களுக்கு முகவாதம்ங்க! அந்தக் கண்ணு மூடவே மூடாது. தூங்கும்போதுகூடத் துணி கட்டிக்கிட்டுதான் தூங்குவாங்க. யாராவது பாத்துச் சிரிச்சுடுவாங்களோன்னு எங்க போனாலும் கடைசி வரிசையிலதான் உக்காருவாங்க."

அவர் முகம் மாவு இல்லாமலேயே வெளுத்தது. "நீ ஏன் சொல்லல?"

"நீங்க ரொட்டிக்காகத் திறந்து வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன். மூஞ்சியைக் காப்பி அடிப்பீங்கன்னு யாருக்குத் தெரியும்?"

அவ்வளவுதான். தனக்கு அடுப்பைக் கொடுத்த அக்காவை மேடையில் உட்காரவைத்து, ஒரு மண்டபம் நிறையப் பிள்ளைகளைவிட்டு அவர் முகத்தைப் பழித்துக் காட்டப்போகிறோம். பன் பெட்டியோடு மண்டபத்துக்கு ஓடினார்.

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும் ரெண்டு கண்ணையும் மூடுங்கப்பா!"

"ஏன் மாமா?" என்றாள் முன்வரிசையில் இருந்த ஒரு வாண்டு.

"மாமா தப்பாச் சொல்லிக்குடுத்துட்டேன்."

"போன வாரம் கரெக்ட்னு சொன்னீங்க?"

ஒத்திகை பார்த்தார்கள். ஒரு கண்ணை மூடினால் மறு கண் தானாகத் திறந்துகொண்டது. வாண்டு, திறக்கிற கண்ணை விரலால் அமுக்கிப் பிடித்தாள். அது இன்னும் மோசமாக இருந்தது. அதற்குள் மணி அடித்துவிட்டது.

அக்கா மேடையில், பிள்ளைகளுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். அதே பாதிச் சிரிப்பு. செயலாளர் பக்கவாட்டில் நின்று, இன்று சாட்சியோடு பிடித்துவிடலாம் என்று தயாராக இருந்தார். போதகர், "ஜெபிப்போம்" என்றார்.

காப்பி வாழ்க்கையிலேயே முதன்முறையாக இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டார். 'ஆண்டவரே, கேலி பண்ணல, காப்பிதான் அடிச்சேன். அவங்க மனசு நோகாம பாத்துக்கங்க.' ஆமென் வந்தது. நாற்காலி ஒன்று நகரும் சத்தம் கேட்டது. பிறகு அக்காவின் குரல்.

"ஏம்மா, ஒரு கண்ணை ஏன் திறந்து வச்சிருந்தே?"

"நாங்க எல்லாரும் அப்படித்தான்" என்றாள் வாண்டு. "காப்பி மாமாவுக்கு ஒரு அக்கா சொல்லிக்குடுத்தாங்க. அவங்க ரொம்ப நல்லவங்க. மாமா அவங்களப் பத்தித் தப்பாப் பேசியும் அடுப்பு குடுத்தாங்க. ஒரு கண்ணு சாமிக்கு, ஒரு கண்ணு ரொட்டிக்கு."

"உன்கிட்ட ரொட்டி எங்க இருக்கு?"

"எனக்குத் தம்பி இருக்கானே. அழறானான்னு பாப்பேன்."

காப்பி இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. முதலில் கேட்டது சிரிப்புச் சத்தம். அக்கா சிரித்தார், மேசையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கும்வரை சிரித்தார். அவருடைய மூடாத கண் எப்போதும் கொஞ்சம் கசியும். இப்போது மூடுகிற கண்ணும் சேர்ந்துகொண்டது.

"தம்பி, கண்ணைத் திறங்க. ஜெபம் முடிஞ்சு ரொம்ப நேரமாச்சு."

"அக்கா, தெரியாமப் பண்ணிட்டேன்…"

"இந்தக் கண்ணுக்குப் பயந்து எத்தனை வருஷம் கடைசி வரிசையில உக்காந்தேன் தெரியுமா? இனிமே நான் முன்வரிசை. எனக்குத் துணைக்கு ஒரு படையே இருக்கு!"

பிள்ளைகள் கைதட்டினார்கள், எதற்கென்று தெரியாமலேயே. செயலாளரும் ஒப்புக்கு இரண்டு தட்டு தட்டிவைத்தார்.

அக்கா பெட்டியிலிருந்து ஒரு பன்னை எடுத்து விரலால் அமுக்கினார். விரல் போன இடம் பள்ளமாகவே நின்றது.

"எல்லாத்தையும் காப்பி அடிச்சீங்க, இதை மட்டும் ஏன் தம்பி விட்டுட்டீங்க?"

"அது வரவே இல்லக்கா."

"வாங்க, போவோம்."

விழா முடிந்த கையோடு அக்கா இவர் கடைக்குள் புகுந்து ஏப்ரன் கட்டிக்கொண்டார். விஷயம் ஒன்றுமில்லை. உருட்டிய மாவை இரண்டாம் முறையும் பொங்கவிட வேண்டும். இவர் அவசரக்காரர், உருட்டிய சூட்டோடு அடுப்பில் தள்ளிவிடுவார். அறுத்துப் பார்த்த பன்னுக்குள் பொறுமை கண்ணுக்குத் தெரியுமா என்ன?

தட்டு உள்ளே போனதும் எல்லோரும் அடுப்பைச் சுற்றி நின்றார்கள். அக்கா ஜெபித்தார், ஒரு கண் அடுப்பின் மேல். காப்பியும் அப்படியே. அவர் மனைவியும் அன்று அப்படியே. இங்கே என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று பின்னாலேயே வந்திருந்த செயலாளர் மட்டும் இரண்டு கண்களையும் திறந்தே வைத்திருந்தார். கண்காணிக்க அல்ல. அடுப்பிலிருந்து வந்த வாசனை அப்படி.