ஞாயிற்றுக்கிழமை இருமல்

விருதுநகரில் நாங்கள் வேலை பார்த்த, மிளகாய் வற்றல் மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கியில் இருமாதவன் யாரும் கிடையாது. மிளகாய் நெடி அப்படி. எவனுக்கு நோய், எவனுக்கு வெறும் கமறல் என்று பிரித்துச் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. யாரும் கொடுக்காமலேயே அந்தப் பதவியை எடுத்துக்கொண்டவர் எடை போடும் ஊர்க்காவலன். படிப்பு ஏழாவது, பேச்சு மட்டும் பெரியாஸ்பத்திரி டாக்டர்.

அவர் சட்டப்படி, மூக்கு ஒழுகித் தும்மினால் சளி, நாலைந்து நாளில் போய்விடும். திடீரென்று காய்ச்சலடித்து உடம்பெல்லாம் அடித்துப்போட்டது போல வலித்தால் ஃப்ளூ. வீட்டில் படு, யார் முகத்திலும் தும்மாதே. இருமல் இரண்டு வாரம் தாண்டினால் காசநோயா என்று சளிப் பரிசோதனை. எதுவென்று குழப்பமாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வேண்டும். "கமறலுக்குக் கிட்டங்கியோட சேந்து லீவுலே. ஞாயித்துக்கெழமையும் இருமுனா அது சீக்கு" என்பார். இந்தச் சட்டத்தைக் காட்டி முதலாளி ஜெகபர் அலியையே பரிசோதனைக்கு அனுப்பினார். ஒன்றுமில்லை என்று வந்தது. அனுப்பியவருக்குத்தான் ஏமாற்றம்.

2009இல் பன்றிக் காய்ச்சல் பயம் வந்தபோது எங்களுக்கு யோகம் அடித்தது. பஸ்ஸில் ஏறி இரண்டு தடவை இருமினால் மூன்று பேர் சீட் காலியாகும். ஊர்க்காவலன் மட்டும் வாயைப் பொத்தி இருமச் சொல்லி எங்கள் வசதியைக் கெடுத்தார். எனக்கு அவர் மேல் எரிச்சலாகத்தான் இருந்தது.

அந்த ஐப்பசியில் அவரே இரும ஆரம்பித்தார். கேட்டால், கமறலாம். மூன்று வாரம் ஆனது, அப்போதும் கமறல்தானாம். கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்துப் பிறந்த ஐந்து மாதக் குழந்தை இசைவாணி அவர் வீட்டில் இருந்தாள். அவளை மார்பில் போட்டுத்தான் தூங்கவைப்பார். நோயென்று ஆகிவிட்டால் பிள்ளையைத் தொட விடமாட்டார்களே என்ற பயம். ஊருக்கெல்லாம் சட்டம் சொன்ன மனுஷன் அதற்காக ஒரு காரியம் செய்தார். கிட்டங்கிக்குக் காற்றோட்டம் விட வேண்டும் என்று சாவியை வாங்கி, ஞாயிறுதோறும் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டார். ஞாயிற்றுக்கிழமை இருமலும் கமறலாகிவிட்டது.

மனைவி மாடத்தி விடவில்லை. தங்கச்சி வீட்டு விசேஷம் என்று காரியாபட்டிக்கு மூன்று நாள் இழுத்துப் போனாள். அங்கேயும் இருமினார்.

"தாளிச்ச நெடி" என்றார்.

"பாயசத்துக்கா தாளிச்சாக? புள்ளைய இங்கன குடுங்க. மொதல்ல டெஸ்டு எடுத்துட்டு வாங்க."

காசநோய் என்று வந்தது. ஆறு மாதம் மாத்திரை. குழந்தைக்கு நோய் இல்லை, ஆனாலும் தொற்றாமலிருக்க அதற்கும் ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். மாடத்தி கரைத்துப் புகட்டுவாள், குழந்தை முகத்தைச் சுளித்துத் துப்பும். அவர் துண்டால் வாயையும் மூக்கையும் கட்டிக்கொண்டு வாசலில் நின்றே பார்ப்பார். "நான் முந்தியே போயிருந்தா இந்தப் பிஞ்சுக்கு எதுக்குலே மாத்திரை?" என்று என்னிடம் ஒருநாள் அழுதார்.

இரண்டு மாதம் கழித்துச் சளியில் கிருமி இல்லை என்று வந்தது. இனிப் பிள்ளையைத் தூக்கலாம் என்றார் டாக்டர். ஓட்டமாக வந்து, துண்டை அவிழ்த்துப் போட்டுவிட்டு, மகளைத் தூக்கினார். இசைவாணிக்கு அந்த முகம் யாரென்றே தெரியவில்லை. வீலென்று கத்தி அம்மாவிடம் தாவினாள்.

ஊர்க்காவலன் துண்டை எடுத்து மறுபடியும் வாயைக் கட்டிக்கொண்டு கையை நீட்டினார். பிள்ளை சிரித்துக்கொண்டே வந்தது.