சிவப்பு விளக்கில் நின்ற டிரம்மர்

நான் சொல்லப்போவது நடந்த கதை. ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. சரி, கொஞ்சம் இழுத்துத்தான் சொல்வேன். இழுக்காவிட்டால் எக்கார்டின் வாழ்க்கை அரை கிளாஸ் பீருக்குள் முடிந்துவிடும்.

எக்கார்டுக்குக் கூரை வேய்கிற வேலை. அவன் ஓடு போட்ட வீட்டில் இறங்க மழையே பயப்படும். வேலை முடிந்தால் டிரம்ஸ். அவன் அடித்தால் பிரேமன் நகரம் வரைக்கும் கோழி முட்டையிடாது. கிடாருக்கு ஹார்ட்மூட், பாட்டுக்கு ஸ்வென்யா, வேன் ஓட்ட நான். 'ஈர ஓடு' என்று எங்கள் ராக் குழுவுக்குப் பெயர்.

தொண்ணூற்றாறில் ஊர்த் திருவிழா மேடையில் நான்கு மணிக்கு எங்கள் முறை. கேட்டுவிட்டு ஆல்பம் போடலாமா என்று முடிவு சொல்ல ஹாம்பர்க்கிலிருந்து இசைக் கம்பெனிக்காரர் ஒருவர் வந்திருந்தார். நாலரைக்கு அவருக்கு ரயில். ஏழு வருடமாக நாங்கள் காத்துக்கிடந்த ஆள்.

வேனை நிறுத்திவிட்டு வந்தால் சாலைக்கு அந்தப் பக்கம் மேடை, நடுவில் நடந்து கடப்பவர்களுக்கான சிவப்பு விளக்கு. ஒரு காரும் இல்லை. எதிரே அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண். காலைத் தூக்கிய ஹார்ட்மூடின் சட்டையை எக்கார்ட் பிடித்து இழுத்தான்.

"குழந்தை பாக்குதுடா."

"கார் எங்கடா வருது?"

"இன்னிக்கு நம்மளப் பாக்கும், நாளைக்கு அதுவும் ஓடும். நில்லு."

விளக்கு பழுது. அது எங்களுக்குத் தெரியாது. நின்றோம். குழந்தைக்காக அம்மாவும் நின்றாள். எனக்குத் தாடி ஒரு சாண் வளர்ந்தது. மேடையில் எங்கள் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார்கள். கடைசியில் அம்மா குழந்தையோடு வேறு தெருவுக்குத் திரும்பினாள். குழந்தையின் தலை மறைந்ததும் நாலு பேரும் சிவப்பிலேயே ஓடினோம்.

ஹாம்பர்க்காரர் போய்விட்டார். எங்கள் ஊருக்கு ரயில் நேரத்துக்கு வந்த சரித்திரமே இல்லை. அன்றைக்குப் பார்த்து வந்துவிட்டது.

அதற்குப் பிறகு இருபத்தெட்டுக் கோடைகள், அதே மேடை. முந்நூறு பேர் வருவார்கள். வெளியூரில் முப்பதாயிரம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். எக்கார்டிடம் வருத்தமா என்று கேட்டால், "காலையில கூரை மேல நின்னா ஊரே தெரியுது. சாயங்காலம் அடிச்சா ஊருக்கே கேக்குது. வேறென்ன வேணும்?" என்பான்.

போன வெள்ளிக்கிழமை மதுக்கடையில் இந்த இடம் வரைக்கும்தான் சொன்னேன். ஹார்ட்மூட் கிளாஸைக் கீழே வைத்தான்.

"அன்னிக்கு இவன் என் சட்டையப் பிடிக்கலன்னா, இந்நேரம் டோக்கியோல வாசிச்சிட்டிருப்போம்."

"ஒரு நிமிஷம் பிடிச்சான், விட்டுட்டான்," என்றாள் ஸ்வென்யா. "மிச்ச நேரம் நீயாதானே நின்ன?"

"குழந்தை பாத்துதே."

"அப்புறம் ஏன் இத்தனை வருஷமா அவனத் திட்டற?"

பக்கத்து மேசையிலிருந்த கறிக்கடைக்காரர் திரும்பினார். "பழுதான விளக்குக்கு எதுக்குப்பா நிக்கணும்? போயிருக்கலாம்."

"பழுதுன்னு குழந்தைக்கு எப்படிய்யா தெரியும்?" என்று அவர் மனைவியே எழுந்தாள்.

"அதுக்காக ஆல்பத்த விடுவாங்களா?"

"நம்ம பொண்ணு அங்க நின்னிருந்தா?"

அதற்குள் நாலு மேசைகள் எழுந்துவிட்டன. எக்கார்ட் மட்டும் உட்கார்ந்து, ஹார்ட்மூடின் தட்டிலிருந்த உருளைக்கிழங்கையும் சேர்த்துத் தின்றுகொண்டிருந்தான்.