ஆள் வந்தாச்சு

ஐப்பசி பிறந்தால் நான் பின்வளவைக் கூட்டுவதில்லை. கொழும்பு வெள்ளவத்தையில், கடற்பக்கத்து ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு இருந்தேன். பின்னால் ஒரு ஜாம் பழ மரம், அதன் சருகு, ஒரு மதில். அவ்வளவுதான் வளவு. "படிச்ச பிள்ளை, ஒரு விளக்குமாறு பிடிக்கத் தெரியேல்லை" என்று வீட்டுக்கார அம்மா மேலேயிருந்து சத்தம் போடுவார். நான் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. அந்தச் சருகைக் கிளறி இரை தேடத்தான் ஆறுமணிக்குருவி வரும்.

இந்தியாவில் குளிர் தொடங்க, இரவில் கடல் கடந்து வந்து இறங்கும். பச்சை முதுகு, அடிவயிற்றில் சிவப்பு, கட்டை வால். விடியற்காலையிலும் பின்னேரமும் ஆறு மணியளவில் இரண்டு சுரத்தில் ஒரு விசில் அடிக்கும். மற்ற நேரம் கண்ணில் படாது.

அது வந்த செய்தியைச் சொல்ல எனக்கு ஒருவர்தான் மிஞ்சியிருந்தார், கொட்டாஞ்சேனையில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்த அண்ணை. ஒரு காலத்தில் நாங்கள் ஏழெட்டுப் பேர் ஞாயிறு விடிய பஸ் பிடித்துக் கொலன்னாவைச் சதுப்புக்குப் போவோம். ஒரே பைனாகுலரைக் கை மாற்றி மாற்றிப் பார்த்து, கண்டது எந்தக் கொக்கு என்று சண்டை பிடிப்போம். பிறகு யுத்தம் கொழும்புக்கும் வந்தது, சதுப்பை ஒட்டியிருந்த எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பக்கத்தில் தமிழர் பைனாகுலரோடு நிற்பது புத்தியுள்ள வேலையாக இருக்கவில்லை. சிலர் வெளிநாடு போனார்கள். சிலர் வீட்டை விட்டு வெளிக்கிடுவதையே விட்டார்கள். எனக்கும் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் அடையாள அட்டையை நீட்டி நீட்டி அலுத்துவிட்டது. கடைசியில் இரண்டு பேரும் ஒரு டெலிபோனும் என்றாகிவிட்டது.

குருவியை நாங்கள் 'ஆள்' என்றுதான் சொல்வோம். சதுப்பில் பழகிய பேச்சு. "ஆள் பத்தைக்குள்ள நிக்கிறார், மெதுவாக் கதை" என்போம். அந்த வருடமும் அண்ணை கொட்டாஞ்சேனையில் காசு கொடுத்துப் பேசும் ஒரு கொமியூனிகேஷன் கடையிலிருந்து எனக்கு டெலிபோன் எடுத்தார். சந்தோசம் வந்தால் அவருக்குக் குரல் தானாக ஏறிவிடும்.

"ஆள் வந்தாச்சோ? எப்ப, நேற்று இரவோ? ரெண்டு பேரோ! கடல் கடந்து வந்த களைப்பு, கொஞ்ச நாளைக்கு ஒளிச்சுத்தான் இருப்பினம். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை, பிள்ளை."

நான் சிரித்துக்கொண்டு போனை வைத்தேன். அவருக்குப் பின்னால் வரிசையில் நின்ற யாரோ சிரிக்கவில்லை.

மறுநாள் பின்னேரம் ஒழுங்கையில் ஒரு பொலிஸ் ஜீப் வந்து நின்றது. அண்ணையை இறக்கினார்கள். இரவு முழுக்கப் பொலிசில் இருந்திருக்கிறார். சேர்ட்டு கசங்கி, முகம் வீங்கிப்போயிருந்தது. கட்டிலுக்குக் கீழே, குளியலறையில், தண்ணீர்த் தாங்கிக்குள்ளே எல்லாம் தேடினார்கள். ஒருவரும் அகப்படாதது இன்னும் பிழையாகப் போயிற்று. வந்த இரண்டு பேரையும் எங்கே அனுப்பினாய் என்று சார்ஜன்ட் கேட்டார். குருவி என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் தமக்குத் தெரிந்த தமிழில், "ஆள் சொன்னா மனுசன்தானே?" என்றார்.

"குருவி என்றால் காட்டு" என்றார் பிறகு, சிங்களத்தில். "இல்லாவிட்டால் இவரை மேலிடத்தில் கொடுக்கத்தான் வேண்டும்."

மேலிடத்தில் கொடுத்தவர்கள் எப்போது திரும்பி வருவார்கள் என்று அந்த நாட்களில் யாருக்கும் தெரியாது. ஆறு மணிக்குச் சத்தம் போடும், கொஞ்சம் பொறுங்கள் என்று கெஞ்சினேன். பின்வளவில் எல்லோரும் நின்றோம். சப்பாத்துகள் சருகை மிதித்து நொறுக்கின. ஆடாமல் நில்லுங்கள் என்று சொன்னேன், பொலிசுக்கே. அவ்வளவு எரிச்சல் எனக்கு. சார்ஜன்ட் முறைத்தாலும் கடைசியில் அசையாமல் நின்றார்.

ஆறாயிற்று. கடற்கரை ரயில் ஒன்று போனது. குருவி வாய் திறக்கவில்லை. இருட்டிக்கொண்டு வந்தது. சார்ஜன்ட் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு அண்ணையின் தோளில் கையை வைத்தார். அப்போது அண்ணை உதட்டைக் குவித்து அந்த இரண்டு சுரத்தை விசிலடித்தார். "யாருக்குச் சிக்னல் கொடுக்கிறாய்?" என்று ஒரு கொன்ஸ்தாபிள் அவருடைய கொலரைப் பிடித்தான்.

மதிலடியிலிருந்து பதில் வந்தது. இரண்டு சுரம். இன்னொரு முறை.

"அவிச்சியா!" என்றார் சார்ஜன்ட். சிங்களத்தில் அதற்கு அதுதான் பெயர். அவர் முகம் அப்படியே மாறிவிட்டது. தங்கள் ஊர்த் தோட்டத்துக்கும் வரும் என்றார், சின்ன வயதில் அதைப்போலக் கத்திக்கொண்டு திரிந்தாராம். அண்ணையை விட்டுவிட்டுப் போகும்போது எனக்கு நன்றி வேறு சொன்னார்.

அண்ணை குசினிக் கதிரையில் இருந்தார். பிளேன்டீயைக் குடிக்காமல் கோப்பையைப் பிடித்துக்கொண்டேயிருந்தார்.

"இண்டைக்கு அது வாய் திறக்காட்டி நான் ஆர், பிள்ளை?"

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்கூடப் பெரிதாக இல்லை. எங்காவது போய் நீட்டி நிமிர்ந்து படுக்க வேண்டும் போல் ஓர் அலுப்பு மட்டும்தான்.

அதன் பிறகு அவர் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. அடுத்த ஐப்பசியில் குருவி வந்தது. சருகைக் கூட்டாமல் விட்டிருந்தேன், ஆனால் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஒரு பின்னேரம், ஆறு மணியாகும் நேரம், போன் அடித்தது. மறுபக்கத்தில் பேச்சில்லை. கொட்டாஞ்சேனைத் தெருச் சத்தமும், கடையில் வரிசையில் நிற்பவர்களின் பேச்சும் மட்டும் கேட்டன. வயர் எட்டும் மட்டும் இழுத்து, ரிசீவரை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தேன். கை உளையும் வரை பிடித்திருந்தேன். குருவி இரண்டு தரம் கூப்பிட்டது.

திரும்பக் காதில் வைத்தேன்.

"ஹரி நங்கி, தியன்னங்" என்றார் அண்ணை. சரி தங்கச்சி, வைக்கிறேன் என்பதுதான். அவர் என்னோடு சிங்களத்தில் கதைத்தது அன்றுதான் முதல் தடவை.