கேதரின் காவல் காத்த கற்குவியல்

கேதரினுக்குப் பிடிவாதம் கொஞ்சம் கூடுதல் என்பது மலேசியாவில் பாலிங் பக்கத்துத் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. ரப்பர்ப் பாலெடுக்கக் கித்தா வெட்டிய காலத்தில், வேலை வாங்கும் மண்டோரே அவளிடம் வாய் கொடுக்க யோசிப்பார். அப்படிப்பட்டவளின் புருஷன் ரோனால்டின் கல்லறையைத்தான் தோட்ட நிர்வாகத்தார் அடையாளமில்லாமல் ஆக்கினார்கள். மகளின் பிரசவத்துக்காக அவள் சுங்கைப் பட்டாணிக்குப் போயிருந்த சமயம், தோட்டத்து இடுகாட்டை நிரவிச் செம்பனை நட்டுவிட்டார்கள். திரும்பி வந்து சண்டைக்கு நின்றவளிடம், "யாரும் வந்து போற மாதிரி தெரியல" என்றார்கள். அந்தப் பதிலை அவள் மறக்கவேயில்லை.

இந்த வருஷம் மொட்டைக் குன்றின் உச்சியிலிருந்த கற்குவியலுக்கு முறை வந்தது. லாலாங் புல்லைத் தவிர வேறெதுவும் வளராத இடம். இரும்பு அறியாத காலத்து மனிதர் யாரையோ புதைத்துக் கல்லடுக்கி மூடியது அது என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லிவிட்டுப் போனதோடு சரி. இப்போது பாதை போட அந்தக் கல்லை அள்ளச் சொல்லிவிட்டது நிர்வாகம்.

கல்லறைத் திருநாளன்று விடிந்ததும் கேதரின் மெழுகுவத்திக் கட்டோடு புறப்பட்டாள். பக்கத்து வீட்டுக் காளியம்மா விடவில்லை.

"யாருன்னே தெரியாத ஆளுக்கு மெழுவத்தியா? அந்தாளு வேதக்காரனா, எங்காளா, அதாச்சும் தெரியுமா?"

"எதுவா இருந்தா என்னலா? செத்தவன்தானே. வர்றதுன்னா வா."

காளியம்மா முணுமுணுத்தாள், ஆனாலும் செவ்வந்திப் பூவோடு பின்னாலேயே ஏறினாள். மேலே காற்று பிய்த்துக்கொண்டு போனது. காலி பால் டின்களுக்குள் மெழுகுவத்தி ஏற்றிக் கல்லைச் சுற்றி வைத்துவிட்டு இருவரும் உட்கார்ந்தார்கள்.

மண்வாரி இயந்திரம் உறுமிக்கொண்டு வந்தது. ஓட்டி வந்தவன் லூனாஸ் ஊர்க்காரன் புவனேசன். விளக்கைப் பார்த்ததும் நிறுத்தினான்.

"யாரோட குழி இது, அக்கா? உங்க வீட்டுக்காரரா?"

தலையாட்டினால் போதும், அவன் திரும்பிப் போய்விடுவான். காளியம்மா முழங்கையால் இடிக்கவும் செய்தாள். கேதரினுக்குப் பொய் வரவில்லை.

"இல்ல தம்பி. பேரு தெரியாது. ஆனா வந்து போக ஆளு இருக்கு. நான்தான். வருஷா வருஷம் வருவேன்."

 புவனேசன் இயந்திரத்தை அணைத்துவிட்டு முதலாளிக்குப் போன் போட்டான்.

"போஸ், இது குழி லா. சொந்தக்காரங்க வந்து உக்காந்திருக்காங்க. நான் கை வைக்கமாட்டேன்."

மறுமுனையில் கத்துவது கேதரினுக்கும் கேட்டது. அவளோ அதைக் காதில் வாங்கவில்லை. ரோனால்டுக்காக, சொந்தக்காரங்க இருக்காங்க என்ற இந்த ஒரு வார்த்தை சொல்ல அன்றைக்கு யாரும் இல்லாமல் போனார்களே என்று, அவன் போனபோதுகூட அழாத அளவுக்கு வாய்விட்டு அழுதாள்.

"நாளைக்கு வேற ஆளை அனுப்புவாராம்கா" என்றான் புவனேசன், தயங்கிக்கொண்டே.

கேதரின் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அனுப்பட்டும். சொந்தக்காரங்க இங்கதான் இருப்போம்."