ஜெகதீஸ்வரனின் பத்து டிகிரி

"எறங்கு சாமி, பத்து டிகிரி போதும்" என்று விமானத்தின் இறக்கைக்கு அடியில் குந்தியபடி கெஞ்சிக்கொண்டிருக்கிறார் ஜெகதீஸ்வரன். இறக்கையின் பின்விளிம்பில் கதவுபோல் மடங்கும் ஃபிளாப்பும் அவர் சொல் கேட்டு இறங்குகிறது. விமானிக் கூண்டுக்குள் உட்கார்ந்து சுவிட்சை அழுத்துபவரும் கொஞ்சம் உதவுகிறார்.

சேலத்துக்கு வெளியே ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் டெக்னீஷியன். வயது முப்பத்தெட்டு. ஊர் திருச்செங்கோடு, அங்கே எட்டு வருஷம் போர்வெல் ரிக் வண்டிகளுக்கு ஒயரிங் பார்த்தவர். பூமிக்குள் ஆயிரம் அடி போய்க்கொண்டிருந்தவர் எப்படி வானத்துக்கு வந்தார் என்று கேட்டால், "ரெண்டுலயும் மேல நிக்கறவனுக்கு ஒண்ணுந் தெரியாதுங்க. மீட்டர் சொல்றதுதான்" என்கிறார்.

உள்ளங்கை அளவில் ஒரு டிஜிட்டல் கோணமானி வைத்திருக்கிறார். அதைச் சட்டைப்பையில் விட்டுவைத்தால் துருப்பிடித்துவிடும் என்று நினைப்பவர்போல் போகிற இடமெல்லாம் எடுத்து வைத்துப் பார்ப்பார். டீக்கடை பெஞ்சு ஒன்றரை டிகிரி. மச்சினன் கல்யாண மேடை மூன்று டிகிரி, மாப்பிள்ளை பக்கம் சரிவு. கட்சிக் கொடிக்கம்பங்களையும் அளந்திருக்கிறார். முடிவுகளை வெளியிட மறுக்கிறார்.

விமானத்தில் அவருடைய ராஜ்ஜியம் விரல் நீளம்தான். மூக்கை அளவுக்கு மேல் தூக்கினால் இறக்கை காற்றின் பிடியை இழந்து, விமானம் கல்போல விழும். அதற்கு முன்பே கத்தி எச்சரிக்க ஒரு கருவி உண்டு. ஃபிளாப் இறங்கினால் அந்த எல்லை மாறிவிடும். எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதைக் கருவிக்குச் சொல்வது ஒரு சென்சார். ஸ்பிரிங் வைத்த ஒரு சின்னக் கை ஃபிளாப்போடு ஒட்டியே நகர்ந்து சேதி சொல்லும். "இது சொல்லலைன்னா அந்தக் கருவி கத்த வேண்டிய நேரத்துல கம்முனு இருக்குமுங்க" என்பார். பள்ளியின் ஆறு விமானங்களிலும் இந்தச் சென்சாரைப் பொருத்தியவர் அவரே. பக்கத்தில் ‘தொடாதீங்க’ என்று ஸ்டிக்கரும் ஒட்டியிருக்கிறார். உயிர் போகிற விஷயத்திலும் மரியாதை குறையக் கூடாது.

போன ஆயுத பூஜைக்கு, விமானங்களை நிறுத்தும் ஹேங்கரில் பொட்டு வாங்காத பொருள் இல்லை. தீயணைப்பான், பிரிண்டர், ‘புகை பிடிக்காதீர்’ பலகை எல்லாம் மங்களகரமாயின. தப்பியது காற்றுத்திசை காட்டும் துணிக்கூம்பு மட்டும். அது உயரத்தில் இருந்தது.

விடுமுறை முடிந்த காலை. ஒரு மாணவி முதல்முறையாகத் தனியாகப் பறக்க வேண்டிய நாள். அவள் பெல்ட் போடுவதற்கு முன், வழக்கம்போல் ஜெகதீஸ்வரன் ஃபிளாப்பை முப்பது டிகிரிக்கு இறக்கச் சொன்னார். கோணமானி முப்பது என்றது. உள்ளே திரை பூஜ்யம் என்றது. குனிந்து பார்த்தார், சின்னக் கை அசையாமல் நின்றது. அதன் மூட்டில் நகத்தால் சுரண்டி, முகர்ந்தார். காய்ந்த சந்தனம்.

விமானம் நிறுத்தப்பட்டது. மாணவி ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு அழாமல் இருக்க முயன்றாள். உரிமம் பெற்ற இன்ஜினியர் தமிழ்ச்செல்வி வந்தார். அஸ்தம்பட்டிக்காரர், இவரைவிட ஒன்பது வயது இளையவர், கையெழுத்துப் போட வேண்டியவர். ஜெகதீஸ்வரனின் ஆறு வருஷ அனுபவப் புத்தகம் அவர் மேஜையில்தான் இருந்தது. அவர் ஒப்பமிட்டால்தான் லைசென்ஸ் பரீட்சை எழுத முடியும். விண்ணப்பிக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

"மேல போயிருந்தா என்னாயிருக்கும்னு தெரியும்ல? யாரு வெச்சது?" என்றார் தமிழ்ச்செல்வி.

விமானத்தைச் சுற்றி நின்ற ஊழியர்கள் ஏழு பேரும் துப்புரவுத் தொழிலாளி சடையனைப் பார்த்தார்கள். பூஜையன்று சந்தனக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அவர். கிண்ணம் தூக்கியவர் மேல் பழி விழுவது நம் வழக்கம்; மிகவும் வசதியான வழக்கம். சடையன், "கிண்ணத்தத்தானுங்க புடிச்சேன்" என்றார். யாரும் நம்பியதாகத் தெரியவில்லை. ஒப்பந்த ஆள், நாளைக்கு வர வேண்டாம் என்றால் போதும், எல்லோருக்கும் வேலை சுலபம்.

ஜெகதீஸ்வரனுக்கு மட்டும் நினைவிருந்தது. ஸ்டிக்கருக்குப் பயந்து ஒருவரும் அந்தச் சின்னக் கையின் பக்கம் போகவில்லை. எல்லாம் பொட்டோடு மின்ன, அது மட்டும் வெறும் நெற்றியோடு நிற்பது அவருக்குப் பொறுக்கவில்லை. மற்றவர்கள் பொரி வாங்கப் போன நேரத்தில், இறக்கைக்கு அடியில் குனிந்தார்.

இப்போது அவர் கோணமானியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். தமிழ்ச்செல்வியின் மேஜைப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு வகுப்பில் அனுமதி கேட்கும் பையனைப் போல வலது கையைத் தூக்கி, மோதிர விரலை மட்டும் நீட்டினார்.